பந்தல் சிராப்பும் பாகுப் பதமும்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போகும் பாதையில் தைப்பூசத்துக்கு முன்பே பந்தல்கள் எழும்பிவிடும். எங்கள் பந்தலுக்கு சிராப், அதாவது தண்ணீரில் கலந்து குடிக்கும் சிவப்பு ரோஜாப் பாகு, காய்ச்சுவது என் வேலை. "கடையில போத்தல் இருக்கே அக்கா, ஏன் இந்தப் பாடு?" என்பார்கள் பிள்ளைகள். போத்தலில் சிவப்பும் ரோஜா வாசமும் உண்டு. பாண்டான் இலையை முடிச்சுப் போட்டுக் கொதிக்கவிட்ட மணம் அதில் ஏது?

லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ சீனி. எடையில் மூன்றில் இரண்டு பங்கு சீனி என்றால், இருக்கிற தண்ணீரை அதுவே பிடித்துக்கொள்ளும். கிருமி வளர இடமில்லை. ஆனால் சீனி கரைந்து நிற்கிற விளிம்பும் ஏறக்குறைய அதுதான். ஒரு வருடம் பேச்சு சுவாரசியத்தில் கூடுதலாக வற்றவிட்டேன். காலையில் பார்த்தால் டிரம்மின் அடியில் கற்கண்டு! பானை விளிம்பில் ஒட்டிய சீனி மணி உள்ளே விழுந்தாலும் போதும், அதைச் சுற்றியே கட்டிவிடும். இப்போது கொதி வந்ததும் கொஞ்ச நேரம் மூடி போடுகிறேன். ஆவியே விளிம்பைக் கழுவிவிடும். எலுமிச்சைச் சாறும் ஒரு கரண்டி. புளிப்பும் சூடும் சேர்ந்து சீனியில் ஒரு பகுதியை குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று பிரித்துவிடுவதால் எளிதில் கட்டாது.

இதில் பால் ஊற்றினால் பண்டோங் என்ற பானம். அதே பெயருள்ள இந்தோனேசிய ஊருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; மலாயில் அந்தச் சொல்லுக்கு இணை என்று பொருள். செண்டோல் என்ற தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்புக்கு மட்டும் சிவப்புப் பாகு ஒத்துவராது. தென்னம்பாளைச் சாற்றில் காய்ச்சிய குலா மெலாக்கா என்ற தென்னை வெல்லத்தின் லேசான கருகல் வாசம்தான் தேங்காய்ப்பாலோடு சேரும்.

அதிரசத்துக்கு வருவோம். அங்கே தெர்மாமீட்டர் வைத்தால் 115 டிகிரியை ஒட்டிக் காட்டும். அம்மாவிடம் இருந்தது ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர்தான். வெல்லப்பாகை அதில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும். கரைந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். உருட்டியதைத் தட்டில் போட்டு "டங்" என்று கேட்டால் பொரிவிளங்காய் உருண்டைக்கு மாறிக்கொள்ளுங்கள், மாவை வீணாக்காதீர்கள்.

பந்தலில் ஒரு பங்கு சிராப்புக்கு ஆறு பங்கு தண்ணீர், மேலே ஊறவைத்த சப்ஜா விதை. போன முறை ஒரு பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி தூக்கலா இருக்கு, ஐஸ் போடு" என்றார். போட்டேன். இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.