உப்பில்லாத கடற்கரை

நேயர்களுக்கு வணக்கம்.

மிச்சிகன்காரர் ஒருவரிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். வாயைத் திறப்பதற்கு முன்னால் கையைத் தூக்கிவிடுவார். வலது உள்ளங்கையைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, விரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இன்னொரு கை விரலால் ஓரிடத்தைத் தொட்டு "இங்கே" என்பார். மாநிலத்தின் தென்பாதி அச்சு அசலாகக் கையுறை மாதிரியே இருக்கிறது. கட்டைவிரலுக்கு அடியில் டெட்ராய்ட். அங்கேதான் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நானும் அந்த மணிக்கட்டுக்காரிதான்.

இந்தக் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு எங்கே போகலாம் என்று பேசச் சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை, மாநில எல்லையைத் தாண்டக்கூடாது. எனக்கு அது நிபந்தனையாகவே படவில்லை. ஆனால் பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகரா, அடுத்த வாரம் சிகாகோ, லீவு மிச்சமிருந்தால் நியூயார்க். அருவிக்கு முன்னால் நீல மழைக்கோட்டோடு நிற்கும் படம் இல்லாத வீடு நம் வட்டாரத்தில் உண்டா? எங்கள் வீட்டிலேயே மூன்று இருக்கிறது.

மாறியது ஒரு ஜூலை மாதம், மாமியார் வந்திருந்தபோது. நயாகராவை அவர் ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. "எங்கேயாவது பக்கத்திலே கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார். 'பக்கத்தில்' என்று நாங்கள் தேர்ந்தெடுத்தது ஸ்லீப்பிங் பேர் மணல் குன்றுகள். சுண்டுவிரல் நுனியில் இருக்கிறது, காரில் நாலரை மணி நேரம். இந்த ஊரில் அது பக்கம்தான்.

மிச்சிகன் ஏரிக் கரையில் அவர் இறங்கி நின்றதை மறக்கவே முடியாது. எதிர்க்கரை தெரியாத தண்ணீர், வரிசையாக வந்து உடையும் அலை, கால் புதையும் மணல். "கடல்தானே இது?" என்றார். ஏரி என்றோம். நம்பவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு இறங்கி, ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "உப்பே இல்லியே" என்று, யாரோ சமையலில் உப்புப் போட மறந்துவிட்டதுபோல எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

அங்கே 'டூன் கிளைம்ப்' என்று ஒரு மணல் மேடு. குழந்தைகள் நாலு கால் பாய்ச்சலில் ஏறி, உருண்டு இறங்கி, மறுபடி ஏறுவார்கள். அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பிரச்சினையே இல்லை. நாங்கள் செய்த முட்டாள்தனம், மேலே ஏறிய பிறகு 'ஏரி அடுத்த மேட்டுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கும், பார்த்துவிட்டு வரலாம்' என்று கிளம்பியது. அடுத்த மேட்டுக்கு அப்பால் இன்னொரு மேடு, அதற்கு அப்பால் இன்னொன்று. போக வர மூன்றரை மைல், முழுக்க முழுக்க மணல். ஆளுக்கு அரை பாட்டில் தண்ணீர்தான் கையில். என் கணவர் சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து சேர்ந்தபோது, கீழே மர நிழலில் மாமியார் புளிசாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்திருந்தார். அந்தப் பாதைக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீர், தொப்பி, செருப்பு மூன்றும் கட்டாயம். வயதானவர்களுக்கு அங்கேயே பியர்ஸ் ஸ்டாக்கிங் சாலை இருக்கிறது. ஏழு மைல் சொச்சம், காரிலேயே சுற்றலாம். ஒரு திருப்பத்தில் நின்றால் ஏரி 450 அடி கீழே கிடக்கும். அந்தச் சரிவில் இறங்குவது சுலபம், ஏறுவதுதான் கொடுமை. இறங்காதீர்கள்.

ஸ்லீப்பிங் பேர், அதாவது 'தூங்கும் கரடி' என்ற பெயருக்குக் காரணம் கேட்டால் குழந்தைகள் அமைதியாகிவிடுவார்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் சொல்லும் கதை அது. அக்கரையில் காட்டுத்தீ. தாய்க்கரடி தன் இரண்டு குட்டிகளோடு ஏரியில் நீந்தி வருகிறது. தாய் கரையேறிவிட்டது, குட்டிகள் வந்து சேரவில்லை. அது குன்றின் மேல் படுத்துக் காத்துக்கொண்டே இருந்தது. குட்டிகள் முழுகிய இடத்தில் இரண்டு தீவுகள் எழுந்தன, வடக்கு மானிட்டு, தெற்கு மானிட்டு. தெளிந்த நாளில் கரையில் நின்றாலே இரண்டும் தெரியும்.

அந்தப் பக்கம் ஜூலையில் போனால் டிராவர்ஸ் சிட்டி செர்ரியை விடாதீர்கள். அமெரிக்காவின் புளிப்புச் செர்ரியில் பெரும்பங்கு மிச்சிகனில்தான் விளைகிறது. ஜாம், பை என்று அவர்கள் என்னென்னவோ செய்வார்கள். மாமியார் ஒரு கூடை வாங்கிவந்து மிளகாய்ப்பொடி, வெந்தயம் போட்டு ஊறுகாயாக்கினார். செர்ரிக்கு அதுதான் கதிமோட்சம் என்பது என் கட்சி.

சரி, நடுவிரல் நுனிக்கு வருவோம். மேக்கினா பாலம். ஆங்கில எழுத்தில் கடைசியில் ஒரு 'க்' உண்டு, வாயில் வராது. 1957-ல் திறந்தது, ஐந்து மைல் நீளம், மாநிலத்தின் இரண்டு துண்டுகளையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு அதுதான். உள்பக்கத் தடங்கள் இரும்புக் கம்பி வலை. டயர் அதன் மேல் ஏறியதும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்கும், எட்டிப் பார்த்தால் கீழே தண்ணீர். மாமியார் ஐந்து மைலும் கண்ணை மூடிக்கொண்டு "முருகா, முருகா" என்றே வந்தார். ஓட்டுபவருக்கே பயமாக இருந்தால் பாலத்து ஊழியர் ஒருவர் வந்து உங்கள் காரை ஓட்டிக் கொடுப்பார். வெட்கப்படாமல் கேளுங்கள், அதற்கென்றே ஆள் இருக்கிறார்கள்.

பாலத்துக்குப் பக்கத்தில்தான் மேக்கினா தீவு. 1898-லேயே மோட்டார் வண்டிகளைத் தடை செய்துவிட்டார்கள். படகில் போய் இறங்கினால் குதிரை வண்டியும் சைக்கிளும்தான். தீவைச் சுற்றி எட்டு மைல் சாலை, ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர். பத்து வயதுப் பிள்ளை தாராளமாக ஓட்டும். கடைத்தெருவில் ஃபட்ஜ் என்கிற இனிப்பின் வாசனையும் குதிரைச் சாண வாசனையும் கலந்து வரும், அது பழகிவிடும். 1887-ல் கட்டிய கிராண்ட் ஹோட்டலுக்குள் எட்டிப் பார்க்கவே காசு கேட்பார்கள். வெளியே நின்று பார்த்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். தீவுக்கு ஒரு நாள் போதும், தங்க வேண்டாம்.

ஏனென்றால் நான் உங்களை இன்னும் மேலே கூட்டிப் போக வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் தங்களை 'யூப்பர்' என்று சொல்லிக்கொள்வார்கள். பாலத்துக்குக் கீழே இருக்கிற நாமெல்லாம் அவர்களுக்கு 'டிரோல்', அதாவது கதைகளில் வரும் பாலத்தடிப் பூதம். அங்கிருந்து மேற்கே ஏரிக்கரையோடு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போனால் மனிஸ்டீக் ஊருக்கு அருகில் கிட்ச்-இட்டி-கிப்பி என்று ஒரு ஊற்று. பெயரைச் சொல்லிப் பழகவே பிள்ளைகளுக்குப் பாதி வழி போய்விடும்.

காட்டுக்குள் 200 அடி அகலத்தில் ஒரு குளம். நடுவே கம்பியில் கோத்த ஒரு மரத்தெப்பம். மோட்டார் கிடையாது. ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் தெப்பம் மெதுவாக நகரும், யார் சுற்றுவது என்று பிள்ளைகளுக்குள் அடிதடி நடக்கும். தெப்பத்தின் நடுவில் ஒரு திறப்பு. குனிந்து பார்த்தேன். நாற்பது அடி ஆழம், ஆனால் அடியில் கிடக்கும் மரக்கட்டையின் பட்டைகூடத் தெரிகிறது. அடிமணல் பால் பொங்குவது போல அங்கங்கே புரண்டு எழுந்து அடங்குகிறது. நிமிஷத்துக்குப் பத்தாயிரம் கேலனுக்கு மேல் தண்ணீர் அந்த வழியாகத்தான் வருகிறது. பச்சையும் நீலமுமான வெளிச்சத்தில் டிரௌட் மீன்கள் அந்தரத்தில் நிற்பது போல நிற்கின்றன. வருஷம் பூராவும் ஒரே குளிர்ச்சி, 45 டிகிரி ஃபாரன்ஹீட். அதனால் பனிக்காலத்திலும் உறைவதில்லை. தெப்பத்தில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டோம். எங்கள் சின்னவள் மட்டும் "பாட்டி, கீழே யாரோ அடுப்பு வச்சிருக்காங்க" என்றாள்.

இதே வட பகுதியில் டாக்குவாமனன் அருவி இருக்கிறது. ஐம்பது அடிக்குக் கொஞ்சம் குறைவான வீழ்ச்சிதான். நயாகராவோடு ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள். சதுப்பில் நிற்கும் தேவதாரு மரங்களின் சாறு இறங்கி, தண்ணீர் அசல் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் விழும், மேலே நுரையோடு. சூ செயின்ட் மேரி ஊரில் சூ லாக்ஸ், கப்பல்களை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டிகள். சுப்பீரியர் ஏரிக்கும் கீழே உள்ள ஏரிக்கும் 21 அடி உயர வித்தியாசம். ஆயிரம் அடிக் கப்பல் ஒரு தொட்டிக்குள் வந்து நிற்கும், கதவை மூடித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள், கப்பல் அப்படியே மேலே எழும். பம்பு கிடையாது, தண்ணீர் தன் எடையிலேயே பாய்கிறது. கைக்கெட்டும் தூரம் மாதிரி இருக்கும் மேடையில் நின்று இலவசமாகப் பார்க்கலாம்.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம் என்று யாரும் கணக்குப் போடாதீர்கள். டெட்ராய்ட்டிலிருந்து இந்த மாநிலத்தில் கார் போகிற வடகோடியான காப்பர் ஹார்பருக்குப் போவதைவிடத் தலைநகர் வாஷிங்டனுக்குப் போவது கிட்டம். ஒரு விடுமுறைக்கு ஒரு மூலை. தண்ணீர் ஓரமாக ஒரு வீடோ கூடாரமோ போட்டு நாலு நாள் ஓரிடத்தில் இருங்கள். மாநிலப் பூங்காக்களில் கூடாரமடிக்க ஆறு மாதம் முன்னாலேயே முன்பதிவு திறந்துவிடும், நல்ல இடங்கள் சீக்கிரம் போய்விடும். வடக்கே ஜூன் மாதம் கடிக்கிற ஈயும் கொசுவும் உயிரை எடுக்கும், ஜூலைக்கு மேல் போங்கள். சுப்பீரியர் ஏரி ஜூலையிலும் பல்லைக் கிட்டிக்க வைக்கும். மிச்சிகன் ஏரியில் சிவப்புக் கொடி பறந்தால் கால்கூட நனைக்காதீர்கள், ஏரிதானே என்று நினைத்தால் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். சைவர்கள் ரைஸ் குக்கரை மறக்க வேண்டாம். மழை பெய்து எல்லாம் கெட்டால் வீட்டுப் பக்கத்திலேயே டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் இருக்கிறது, வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் உட்கார்ந்திருந்த அதே பேருந்தில் ஏறி உட்காரலாம்.

கடைசியாக ஒரு கல். பெட்டோஸ்கி ஊர்ப் பக்கம் கரையில் சாம்பல் நிறக் கூழாங்கற்கள் கிடக்கும், காய்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீரில் நனைத்தால் அறுகோணப் பூப்பூவாக எழும்பும். 35 கோடி ஆண்டுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த பவளம் அது, மாநிலத்தின் அடையாளக் கல். தேசியப் பூங்காக் கரையில் எடுக்கக்கூடாது, மற்ற இடங்களில் அளவோடு எடுக்கலாம். மாமியார் ஒன்றை மதுரைக்குக் கொண்டுபோனார். போன வாரம் போனில் கேட்டேன். பாத்திரம் தேய்க்கும் தொட்டி ஓரத்தில் வைத்திருக்கிறாராம். தண்ணீர் தெறிக்கும்போதெல்லாம் பூ தெரிகிறதாம்.

நன்றி, வணக்கம்.