வேலை பெர்மிட் இல்லாத ஆளால் யாருக்கு லாபம்?

[காட்சி: திருச்சி விமான நிலையம், புறப்பாட்டு வாசல்]

சட்டவிரோதக் குடியேற்றம் என்றதும் நள்ளிரவுப் படகுதான் நினைவுக்கு வரும். மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் டிக்கெட் எடுத்து, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, பகலிலேயே மலேசியாவுக்குப் பறக்கிறார்கள். சிக்கல் அப்புறம்தான்.

பத்தாவது தேறாதவர் மலேசியாவுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற இந்திய அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு வேண்டாம். உரிமம் இல்லாத ஏஜெண்டுகள் புகுவது இந்தச் சந்தில்தான். "முதல்ல டூரிஸ்ட்டா போ தம்பி, பெர்மிட் அங்கே அடிச்சுக்கலாம்." 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமலே 30 நாள் தங்கலாம் என்பதால் அவர்களுக்கு அந்த அலைச்சலும் மிச்சம். உரிமம் உள்ள ஏஜெண்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். இவர்கள் கேட்பது லட்சத்தில். வீட்டுத் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போகும்.

[காட்சி: கோலாலம்பூர் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டு, தட்டு கழுவும் கைகள்]

இப்போது முதலாளியின் கணக்கு. பெர்மிட் உள்ளவருக்கு ஆண்டுக்கு 1,850 ரிங்கிட் லெவி, அதாவது வெளிநாட்டு ஆளுக்காக மலேசிய அரசுக்குக் கட்டும் வரி. 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம். பெர்மிட் இல்லாதவருக்கு லெவி கிடையாது. சம்பளம்? கொடுத்ததுதான். புகார் சொல்லப் போனால் முதலில் மாட்டுவது அவரே. கெடு தாண்டித் தங்கியவருக்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு. அவரைப் போல ஐந்து பேர் வரை வேலைக்கு வைத்தவருக்கோ ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது, பாருங்கள்.

சரி, சட்டத்தை மீறியது தப்பில்லையா? தப்புதான். அங்குள்ள தொழிலாளிக்கும் அடி விழுகிறது. மலிவாக ஆள் கிடைக்கும்போது அவரால் கூலி பேச முடியாது. ஆனால் என்னைக் கேட்டால், கூலியை இறக்குவது வந்தவரின் வரவைவிட அவருடைய பயம்தான்.

[காட்சி: திருவாரூர் வயல், நடவு]

நம் வயல்களிலேயே மேற்கு வங்கத்துக் குழுக்கள் ஏக்கர் கணக்கில் கூலி பேசி நடுகின்றன. உள்ளூர் நடவுப் பெண்களுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு, நியாயமானதும்கூட. ஆனால் பேசிய கூலி வரவில்லை என்றால் அந்தக் குழு அடுத்த ஊருக்கு நடையைக் கட்டலாம். நாட்டுக்குள் எங்கும் போய்த் தங்க அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு உரிமை தருகிறது. அவர்களை யாரும் போலீஸைக் காட்டி மிரட்டி நிறுத்த முடியாது.

2024 மார்ச்சில் மலேசியா ஒரு வழி திறந்தது: கெடு தாண்டியவர் 500 ரிங்கிட் கட்டி, வழக்கில்லாமல் ஊர் திரும்பலாம் என்றது. திரும்பினால் அடகு வட்டி? அது அவர் பாடு. ஏஜெண்ட் அடுத்த ஆளைத் தேடிப் போயிருப்பார். பணம் கொடுக்கும் முன்பே அவருடைய உரிம எண்ணைக் கேட்டு, இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள்.