டெனர் வராத அன்று

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சாக்ஸபோன் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் வருவது தனியாக வாசிக்கும் ஒரு கலைஞரின் உருவம். நம்மில் பலருக்கு அது கத்ரி கோபால்நாத். அந்த வாத்தியத்துக்குக் கமகம் வரும் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர். இன்று நான் பேச வந்திருப்பது வேறொரு விதமான வாசிப்பைப் பற்றி. நான்கு சாக்ஸபோன்கள் அரைவட்டமாக உட்கார்ந்து, கூட வேறு எந்த வாத்தியமும் இல்லாமல் வாசிப்பது. அதிலும் இசையைத் தொழிலாகக் கொள்ளாத நான்கு பேர், அவரவர் வேலையை முடித்துக்கொண்டு வந்து, வாரத்தில் ஒரு மாலை கூடி வாசிப்பது. அப்படி ஒரு குழுவில் நான் பல வருடங்களாக ஆல்ட்டோ வாசிக்கிறேன்.

எங்கள் நால்வரையும் சொல்லிவிடுகிறேன், குரல்களைப் பிரித்துக் கேட்க உதவும். மேல் குரல் சோப்ரானோ. குழல் நேராக இருக்கும். எங்கள் குழுவில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி அதை வாசிக்கிறார். அதற்குக் கீழே ஆல்ட்டோ, அது நான். அடுத்தது டெனர். மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் அக்கா அதை வாசிக்கிறார். எல்லாவற்றுக்கும் அடியில் பாரிடோன். ஐந்தாறு கிலோ எடை, குழலே மேலே ஒரு சுற்றுச் சுற்றித்தான் கீழே இறங்கும். அதை வாசிப்பவர் மரவேலை செய்யும் அண்ணன்.

நான்கும் பித்தளையில் செய்தவை. ஆனாலும் இவற்றை மரக்காற்று வாத்தியங்களோடுதான் சேர்ப்பார்கள். காரணம், ஒலியைப் பிறப்பிப்பது உலோகமல்ல, வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸில் கட்டியிருக்கும் ரீட். நாணல் வகைத் தட்டையிலிருந்து சீவி எடுத்த அந்தத் துண்டின் முனை, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். அது காய்ந்தால் சத்தம் கரகரக்கும், ஊறிப்போனால் சோர்ந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான்கு வாத்தியங்களுக்கும் விரல் வைப்பு ஒன்றே. ஆல்ட்டோவில் ஒரு சுரத்துக்கு எந்த விரல்களை மூடக் கற்றீர்களோ, பாரிடோனிலும் தாளில் அதே சுரத்தைக் கண்டால் அதே விரல்கள்தான். வரும் ஒலி வேறாக இருக்கும், அந்தக் கணக்கை இசையை எழுதுபவரே பார்த்துக்கொள்வார். அதனால்தான் எங்களைப் போன்ற குழுக்கள் பிழைத்துக் கிடக்கின்றன. தம்பிக்குத் தேர்வு வந்தால் சோப்ரானோவை நான் எடுத்துக்கொள்வேன், என் ஆல்ட்டோ வேறொருவர் கைக்குப் போகும். உதடும் மூச்சும் புது வாத்தியத்துக்குப் பழகக் கொஞ்சம் நாளாகும். விரல்கள் மட்டும் அன்றைக்கே தயார்.

இது நேற்று முளைத்த ஆசை அல்ல. பெல்ஜியத்தில் 1814 இல் பிறந்த அடால்ஃப் சாக்ஸ், 1846 இல் பாரிஸில் காப்புரிமை வாங்கியபோதே, சிறியதிலிருந்து பெரியதுவரை ஒரு குடும்பம் முழுவதற்கும் சேர்த்துத்தான் வாங்கினார். 1857 இல் பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் அவர் சாக்ஸபோன் வகுப்பு எடுக்கத் தொடங்கினார். அவருடைய நண்பர் ஜான் பாப்டிஸ்ட் சேன்ஜலே நான்கு சாக்ஸபோன்களுக்கென்று ஒரு படைப்பை எழுதியதும் அந்த ஆண்டு வாக்கில்தான். எங்களைப் போன்றவர்கள் இன்றும் விரும்பி எடுத்து வாசிப்பது அது. பிறகு 1870 இல் அந்த வகுப்பை மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தது 1942 இல், மார்செல் மியூல் ஆசிரியராக வந்தபோது. எழுபது வருடத்துக்கு மேல் ஒரு வாத்தியத்துக்கு அங்கே வகுப்பே இல்லாமல் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் தாங்குவதில்லை. அந்த மியூல் 1928 இல் தொடங்கிய நால்வர் குழுவுக்காகத்தான் ரஷ்ய இசையமைப்பாளர் கிளாஸுனோவ் 1932 இல் தம் பெரிய நால்வர் படைப்பை எழுதினார். வரலாறு இவ்வளவு போதும்.

நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நால்வர் குழுவில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய பேண்டு இசைக்குழுவில் ஐந்தாறு பேர் ஒரே வரியை வாசிப்பார்கள். கடினமான இடம் வந்ததும் ஒருவர் விரலை மட்டும் அசைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும், பக்கத்தில் இருப்பவர்கள் தாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். முன்னால் நடத்துநர் நின்று தாளம் காட்டுவார். நால்வர் குழுவில் நடத்துநர் கிடையாது. ஒரு வரிக்கு ஒரே ஆள். நீங்கள் நின்றால் அந்த வரியே நின்றுபோகும்.

எங்கள் டெனர் அக்கா ஒருநாள் ஒத்திகைக்கு வரவில்லை. இரவுப் பணி மாறிவிட்டது என்று தகவல் வந்தது. கலைந்து போக மனமில்லாமல் மூவரும் வாசிக்க உட்கார்ந்தோம். எங்கள் வழக்கம், எல்லாவற்றுக்கும் முன்னால் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய நான்கு குரல் கோரல், அதாவது தேவாலயப் பாட்டு, ஒன்றை மெதுவாக வாசிப்பது. அன்றும் அதையே எடுத்தோம். பாதிவரை பெரிய குறை தெரியவில்லை. மேல் குரலில் மெட்டு ஓடிக்கொண்டிருந்தது, அடியில் பாரிடோன் நடந்துகொண்டிருந்தது. கடைசி ஒலிக்கு வந்து நின்றோம். பாரிடோன் கீழே ஸ, நான் ப, தம்பி மேலே ஸ. அவ்வளவுதான் இருந்தது. கணீரென்றுதான் கேட்டது, ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. பாட்டு மகிழ்ச்சியாக முடிந்ததா, துயரமாக முடிந்ததா என்றே சொல்ல முடியவில்லை.

ஏனென்றால் அங்கே காந்தாரம் இல்லை. ஸவும் பவும் எந்த நிறத்துக்கும் பொது. நடுவில் அந்தர காந்தாரம் வந்து உட்கார்ந்தால் ஒளி. சாதாரண காந்தாரம் வந்தால் நிழல். அதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு சுரம். அந்தச் சுரம் அக்காவின் தாளில் இருந்தது. அண்ணன் பாரிடோனை மடியில் சாய்த்துவிட்டு, "நடுச்சட்டம் இல்லாத ஜன்னல் மாதிரி இருக்கே" என்றார். வேறு பாட்டுகளையும் எடுத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே கதைதான். எங்கெல்லாம் பாட்டின் நிறம் மாறுகிறதோ அங்கெல்லாம் டெனர்தான் அரை சுரம் நகர்ந்திருக்கிறது. மெட்டு எங்களிடம் இருந்ததால் அதை நாங்கள் காதில் வாங்கியதே இல்லை.

அடுத்த வாரம் அக்கா வந்தார். அதே கோரலை வாசித்தோம். முடிந்ததும் டெனரைக் கழுத்துப் பட்டையிலிருந்து கழற்றாமலே, "என்ன எல்லாரும் இன்னைக்கு இவ்வளவு அடக்கி வாசிக்கிறீங்க? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். தம்பிதான் பதில் சொன்னார், "உங்களைக் கேக்கணும்னுதான்க்கா." அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை வாசிக்கலாம் என்றார். அந்தத் தடவை கடைசி ஒலியில் அவர் காந்தாரம் வந்து பொருந்தியபோது, நாங்கள் யாரும் வாசிக்காத ஒரு மெல்லிய சுரம் மேலே கேட்டது. நேயர்களே, இது கற்பனை இல்லை. சுருதி சுத்தமாகச் சேர்ந்தால் அப்படித் தானாக எழும் ஒலி காதுக்குத் தெரியும்.

எங்கள் குழு உண்மையில் குழுவானது அன்றிலிருந்துதான் என்று நினைக்கிறேன். அதுவரை நான்கு பேர் ஒரே நேரத்தில் வாசித்துக்கொண்டிருந்தோம்.

இந்தக் காந்தாரத்தை இன்னும் கொஞ்சம் விளக்க ஆசை. எனக்குப் பிடித்த இடம் இதுதான். கீபோர்டில் இருக்கும் அந்தர காந்தாரம் சுத்தமானதல்ல, கொஞ்சம் ஏறியிருக்கும். எவ்வளவு என்றால், அரை சுர இடைவெளியில் ஏழில் ஒரு பங்கு. அந்த அளவு இறக்கினால்தான் ஸவோடும் பவோடும் அலையில்லாமல் ஒட்டும். கீபோர்டால் இறக்க முடியாது. சாக்ஸபோனால் முடியும், தாடையைத் தளர்த்தி, தொண்டையைத் திறந்தால் போதும். ஆனால் அதைச் செய்ய, தன் கையில் இருப்பது காந்தாரம் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த நொடியே அவர் சுரம் வேறொன்றுக்குப் பஞ்சமமாகிவிடும், அப்போது இறக்கினால் கெட்டுவிடும். நம் கச்சேரிகளில் தம்புரா பின்னால் நின்று சுருதியைக் காக்கும். இங்கே சுருதி நகர்ந்துகொண்டே இருக்கிறது. காக்க வேறு யாரும் இல்லை, நால்வரும்தான் காக்க வேண்டும்.

அதனால்தான் சுருதி ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று முள்ளால் காட்டும் டியூனர் கருவியைத் தாள்தாங்கியில் மாட்டிக்கொண்டு, முள்ளையே பார்த்து வாசிப்பதை நான் ஏற்பதில்லை. பயில்வதற்கு அது நல்ல கருவி. ஒத்திகை தொடங்கிய பின் அதற்கு வேலையில்லை. மேலும் குளிர்ந்த வாத்தியம் சுருதி இறங்கி இருக்கும், ஊத ஊதச் சூடேறி மேலே போகும். சோப்ரானோ சீக்கிரம் சூடாகும், பாரிடோனுக்கு நேரமாகும். தொடக்கத்தில் முள்ளைப் பார்த்துச் சேர்த்த சுருதி, பத்து நிமிடத்தில் நான்கு பக்கம் பிரிந்திருக்கும். அப்போது மவுத்பீஸைக் கழுத்துத் தக்கையில் ஒரு மயிரிழை உள்ளே தள்ளுவதா, வெளியே இழுப்பதா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

சரி, நடத்துநர் இல்லாமல் எப்படி ஒன்றாகத் தொடங்குகிறீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். மூச்சால்தான். தம்பி சோப்ரானோவை லேசாகத் தூக்கி மூச்சை இழுப்பார். அவர் இழுக்கும் வேகமே பாட்டின் காலப்பிரமாணம். மெதுவான பாட்டுக்கு நீளமான மூச்சு, துள்ளும் பாட்டுக்குச் சட்டென்று ஒரு மூச்சு. மற்ற மூவரும் அதே வேகத்தில் கூடவே இழுப்போம். இழுத்த நால்வரும் ஒன்றாகத்தான் விட்டாக வேண்டும். நால்வர் குழுவின் ஒலிப்பதிவு எங்காவது கிடைத்தால், முதல் சுரத்துக்கு முந்தைய அமைதியைக் கவனித்துக் கேளுங்கள். ‘ஹ்’ என்று ஒரு மூச்சுச் சத்தம் வரும். வானொலியிலேயே கேட்கும்.

பாட்டுக்கு நடுவே மூச்சு எங்கே எடுப்பது என்பதும் பேசி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். நால்வரும் ஒரே இடத்தில் எடுத்தால் பாட்டு அறுந்துபோகும். எங்கள் தாள்களில் பென்சில் குறி அதிகம் இருப்பது இதற்காகத்தான். பாரிடோன் அண்ணனுக்குக் காற்று மிகுதியாக வேண்டும், நீண்ட சுரங்களும் அவருக்குத்தான். ஆகவே அவர் மூச்சு எடுக்கும் இடங்களை முதலில் குறித்துவிட்டு, மற்றவர்கள் அதைச் சுற்றி எடுத்துக்கொள்கிறோம்.

பாரிடோனைப் பற்றிப் பேசாமல் என்னால் போக முடியாது. சேர வருகிறவர்கள் எல்லோரும் மெட்டு வாசிக்கவே ஆசைப்படுகிறார்கள், அடிக்குரல் வேண்டும் என்று கேட்டு வருகிறவர் அபூர்வம். ஆனால் குழுவின் சுருதியும் தாளமும் அடியிலிருந்துதான் வருகின்றன. அமெரிக்காவில் 1970களில் உருவான வேர்ல்ட் சாக்ஸபோன் குவார்டெட், டிரம்ஸும் பேஸும் இல்லாமலேயே பெரும்பாலும் ஜாஸ் வாசித்தது. அடியில் ஹேமியட் புளூயட்டின் பாரிடோன் இருந்தது, தாளம் அங்கிருந்தே கிளம்பியது. எங்கள் அண்ணன் ஒரு சுரத்தைக் கொஞ்சம் குறுக்கி நிறுத்தினால் மேலே இருக்கும் மூவரும் தாமாகத் துள்ளுவோம். அவர் இழுத்தால் எங்களுக்கும் கால் கனக்கும். கேட்பவர்களுக்குத் தம்பிதான் தெரிவார், கைதட்டலும் அவருக்கே. அண்ணன் குழலின் வளைவிலிருந்து தேங்கிய நீரைக் கொட்டிக்கொண்டிருப்பார்.

வாத்தியங்களின் வைத்தியரும் அவரே. இடது கைச் சுண்டுவிரலுக்கு ஒரு சாவி உண்டு. வாசிக்காதபோது அதன் பேட், அதாவது துளையை மூடும் மெத்தை, மூடியே இருக்கும், ஈரம் பட்டு ஒட்டிக்கொள்ளும், அழுத்தினாலும் திறக்காது. எந்தக் குழுவிலும் நடப்பதுதான். ஓய்வு வரும் இடத்தில் அண்ணன் கையை நீட்டி, மெல்லிய தாள் ஒன்றை அந்தப் பேட்டின் அடியில் வைத்து, மெல்ல அழுத்தி உருவுவார். ஈரம் தாளோடு வந்துவிடும். எண்ணி நான்கு தாளத்துக்குள் முடித்துவிட்டுத் தன் சுரத்துக்குத் திரும்பியிருப்பார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். புதிதாகக் குழு தொடங்க நினைப்பவர்களுக்காக நிறையக் குறித்து வந்தேன், வேகமாகச் சொல்கிறேன். பழைய வாத்தியம் வாங்குவதானால், நன்றாக வாசிக்கத் தெரிந்தவரை அழைத்துப் போய், ஆகக் கீழ்ச் சுரத்தை மெதுவாக ஊதச் சொல்லுங்கள். மெதுவாக ஊதினால் வராமல், பலமாக ஊதினால்தான் வருகிறது என்றால் எங்கோ காற்று கசிகிறது. முதல் சில மாதங்களுக்கு பாக்கின் கோரல்கள் போதும், பிறகு சேன்ஜலே. கிளாஸுனோவ் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை. கோரலை ஒவ்வொரு முறையும் ஒருவரை விட்டுவிட்டு மூவராகவும் வாசித்துப் பாருங்கள். ஆட்களைச் சேர்க்கும்போது பாரிடோன் வாசிக்கச் சம்மதிப்பவரை முதலில் பிடியுங்கள். மற்ற மூவரும் தாமாக வருவார்கள்.

வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.