சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம். விலங்கு கிளினிக் ஒன்றில் பல ஆண்டுகள் தாதியாக இருந்தவள் நான். வயதான நாய்களுக்கு வரும் குஷிங் நோய்க்கு நாம் கொடுக்கும் மருந்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன். நோயைவிட அந்த மருந்தைப் பற்றித்தான் வீடுகளில் குழப்பம் அதிகம்.

முதலில் நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. பெரும்பாலான நாய்களில் அதற்குக் காரணம் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் சின்னக் கட்டி. நாய் தண்ணீராகக் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், எப்போதும் பசி என்று நிற்கும். வயிறு தொங்கும், முடி உதிரும், மூச்சு வாங்கும். நம் ஊர் வெயிலில் எல்லா நாயும்தான் மூச்சு வாங்குகிறது என்று விட்டுவிடுகிறோம். ஏர்கானில் படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால் அது வெயில் இல்லை.

இதற்குப் பரவலாகக் கொடுப்பது டிரைலோஸ்டேன் என்ற கேப்சூல். கார்ட்டிசால் உருவாவதை அது தடுக்கிறது. நோயைக் குணப்படுத்தாது, கட்டுக்குள் வைக்கும். நல்ல மருந்துதான். ஆனால் அளவு கொஞ்சம் கூடிவிட்டால் கார்ட்டிசால் தேவைக்கும் கீழே இறங்கிவிடும். உடம்புக்குக் கார்ட்டிசால் அறவே இல்லாமல் முடியாது. நாய் சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி எடுக்கும், வயிற்றுப்போக்கு வரும், சோர்ந்து படுக்கும். இன்னும் முற்றினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, பொட்டாசியம் ஏறி, நாய் நிற்க முடியாமல் சரிந்துவிடும். உயிருக்கே ஆபத்து.

ஆகவே நான் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான். சாப்பிடாத நாய்க்கு அன்றைக்கு மாத்திரை கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடு. பாட்டி, வேலைக்குப் போகும் மகள், இந்தோனேசியப் பணிப்பெண், பன்னிரண்டு வயதான ஒரு பூடில். நோய் வந்த புதிதில் அந்த நாயின் பசியைப் பார்க்க வேண்டும்! பாட்டி தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாலே காலடியில் வந்து நிற்கும். மருந்து தொடங்கிய பிறகு பசி மட்டுப்பட்டது, தண்ணீர்க் கிண்ணமும் அடிக்கடி காலியாகவில்லை. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஒருநாள் காலை, கோழித்துண்டுக்குள் வைத்த கேப்சூலை முகர்ந்து பார்த்துவிட்டு அது திரும்பிப் போய்விட்டது. பணிப்பெண் பொறுப்பானவர். வேளை தவறக்கூடாது என்று வாயைத் திறந்து தொண்டைக்குள் போட்டுவிட்டார். மறுநாளும் அப்படியே. அன்று சாயங்காலம் மகள் வீடு திரும்பியபோது கதவுச் சத்தத்துக்கு நாய் எழவில்லை. தூக்கி நிறுத்தினால் பின்னங்கால் மடங்குகிறது. டாக்சி பிடித்து இருபத்து நான்கு மணி நேர கிளினிக்குக்கு ஓடினார்கள். டிரிப் ஏற்றி, ஸ்டீராய்டு ஊசி போட்டு, நாய் பிழைத்தது. பிறகு மருத்துவர் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார்.

அந்தப் பணிப்பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேளை தவறாமல் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார். எப்போது கொடுக்கக்கூடாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இப்போது அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அவர் மொழியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: 'மாக்கான் டூலு, பாரு ஓபாட்.' முதலில் சாப்பாடு, அப்புறம் மருந்து. உங்கள் வீட்டிலும் மருந்து கொடுப்பவர் யாரோ, அவருக்குப் புரியும் மொழியில் ஒட்டி வையுங்கள். கொடுத்த உடனே டிக் போட ஒரு நாட்காட்டியும் பக்கத்தில் இருக்கட்டும். பாட்டி ஒரு தடவை, பேரன் ஒரு தடவை என்று இரட்டை வேளை போய்விடக்கூடாது. ஒரு வேளை விட்டுப்போனால் மறுவேளை சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

நாய் சாப்பிடவில்லையா? மருந்தை நிறுத்திவிட்டு கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். ஓரிரு வேளை நின்றால் குடி முழுகிவிடாது, இந்த மருந்தின் வேலை பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். ஆனால் மறுபடி எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாய் நிற்க முடியாமல் தள்ளாடினால் போனும் வேண்டாம், நேரே தூக்கிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. மருந்து தொடங்கிய பிறகு நாய் நொண்டினால், மருந்துதான் காலைக் கெடுத்துவிட்டது என்று வருத்தப்படுவார்கள். பல நேரம் அது பழைய மூட்டுவலி. கூடுதலாக இருந்த கார்ட்டிசால் இத்தனை நாள் அதை அமுக்கி வைத்திருந்தது. அது குறைந்ததும் வலி வெளியே தெரிகிறது. தோல் அரிப்பும் இப்படித்தான். மருத்துவரிடம் சொன்னால் வழி இருக்கிறது. வீட்டிலிருக்கும் பனடோல், இபுபுரூஃபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அவை விஷமாகலாம்.

தண்ணீரையும் அளந்து வாருங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தைக் கழித்துப் பார்த்தால் போதும். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிகம். ஆறு கிலோ நாய்க்கு 600 மில்லி. தரை நனைகிறதே என்று கிண்ணத்தை மட்டும் எடுத்து வைத்துவிடாதீர்கள். பாவம், அது தாகத்தால் குடிக்கிறது.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மருந்தின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பலதுறை மருந்தகத்துக்கு நாம் வெறும் வயிற்றோடு போவதுபோல் நாயையும் பட்டினி போட்டுக் கூட்டிப்போகிறார்கள். இந்தப் பரிசோதனைக்கு அது கூடாது. காலையில் சாப்பாட்டோடு கேப்சூலைக் கொடுத்து, பொதுவாக நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுப்பார்கள். கொடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். இதய மருந்து சாப்பிடும் நாய் என்றால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள், சில மருந்துகள் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறும். கேப்சூலைப் பிரித்துத் தூளைக் கலக்காதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் வேறொருவர் கொடுக்கட்டும், முடியாவிட்டால் கையுறை போட்டுக்கொள்ளட்டும். நன்றி, வணக்கம்.