ஆற்றுக்குக் கிடைப்பது மிச்சம்தான்

அனைவருக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது வாசலில் ஒரு நண்பர் மடக்கிக் கேட்டார்: “மழை நன்றாகப் பெய்த வருஷத்திலும் அணை நிறையவில்லை என்கிறார்களே, அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது?” என்னிடம் இருந்த தலைப்பைவிட இந்தக் கேள்வி நன்றாக இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு ஆற்றின் வடிநிலத்தில், அதாவது அந்த ஆற்றுக்கு நீர் வடிந்து வரும் மொத்த நிலத்தில், 100 பங்கு மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் குடிப்பது மண். அப்புறம் மரமும் பயிரும் புல்லும் வேரால் உறிஞ்சி இலை வழியாகக் காற்றுக்கு அனுப்புகின்றன. வறண்ட பகுதிகளில் இப்படியே 80, 85 பங்கு போய்விடும். ஆஸ்திரேலியாவின் மர்ரே–டார்லிங் வடிநிலத்தில் 90 பங்குக்கும் மேல் போகிறது. பந்தியில் எல்லோரும் எழுந்த பிறகு கடைசியாக உட்காருவதுதான் ஆறு.

மழை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஆறும் பத்தில் ஒரு பங்குதானே குறைய வேண்டும் என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. முன்னால் உட்கார்ந்தவர்கள் தங்கள் பசியைக் குறைத்துக்கொள்வதில்லை. மழை 1 விழுக்காடு குறைந்தால் ஆற்று நீர் 2 முதல் 3 விழுக்காடு வரை குறைகிறது என்று ஆஸ்திரேலிய நீரியலாளர்கள் பல ஆறுகளில் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த நாட்டின் மேற்கே இருக்கும் பெர்த் நகரத்தைப் பாருங்கள். 1970களிலிருந்து அந்தப் பகுதியில் மழை படிப்படியாகக் குறைந்தது. ஐந்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். அணைகளுக்கு வரும் நீரோ பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 2006-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் திறந்தார்கள். அங்கே அணை இப்போது துணைக்குத்தான்.

இதில் வெப்பம் எங்கே வருகிறது? காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால், அதனால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்க முடியும். தாங்க முடியும் என்றால், எடுத்துக்கொள்ளும் என்றும் பொருள். பந்தியில் முன்வரிசையில் இருப்பவருக்குப் பசி கூடிவிட்டது, அவ்வளவுதான். மழை ஒரு சொட்டுகூடக் குறையாமலே ஆறு மெலியலாம்.

மேடைக்கு மேடை நான் சொல்லும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அலுக்காமல் இன்னொரு முறை கேளுங்கள். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் 2021-இல் மலையில் விழுந்த பனி வழக்கத்தின் ஐந்தில் நான்கு பங்கு. மோசமில்லை. ஆனால் பவல் நீர்த்தேக்கத்துக்கு வந்து சேர்ந்தது வழக்கமான வரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முந்தைய ஆண்டின் வெயில் மண்ணை அப்படிக் காயவைத்திருந்தது. உருகிய பனியை வழியிலேயே மண் குடித்துவிட்டது. அந்த ஆகஸ்ட்டில்தான் அந்த ஆற்றின் வரலாற்றில் முதல் முறையாகப் பற்றாக்குறை என்று அரசு முறைப்படி அறிவித்தது.

பனி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மலைப்பனி யாரும் கட்டாமலே கிடைத்த அணை. குளிரில் சேமித்துக் கோடையில் மதகு திறக்கும். சூடு ஏறினால் பனியாக விழ வேண்டியது மழையாக விழுகிறது. விழுந்த பனியும் சில வாரங்கள் முன்னதாகவே உருகி ஓடிவிடுகிறது. கீழே அணையைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் பாடு திண்டாட்டம். அது வெள்ளக் காலம். விதிப்படி அவர் அணையில் இடம் காலியாக வைத்திருக்க வேண்டும். வந்த நீரை வெளியே விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து வெறும் அணையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் மேல் தப்பில்லை, விதிப்புத்தகம் பழையது. பனியாறுகளை, அதாவது மலையில் ஆண்டுக்கணக்காக உறைந்து கிடக்கும் பனிப்பாளங்களை, நம்பும் ஆறுகளின் கதை இன்னும் ஏமாற்றும். உருக உருக முதலில் நீர் கூடும், எல்லோரும் மகிழ்வார்கள். அது வட்டி அல்ல, அசலிலிருந்து எடுப்பது.

பழியை முழுக்கப் பருவநிலை மேல் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. கொலராடோ ஆற்றை 1922-இல் பங்கு பிரித்தார்கள். ஆண்டுக்கு மேல்பகுதி மாநிலங்களுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்பகுதிக்கு 75 லட்சம். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் நீர்தான் ஒரு ஏக்கர் அடி. 1944-இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம். மொத்தம் 1 கோடியே 65 லட்சம். பிரித்தவர்கள் கையில் இருந்தது சில ஆண்டுகளின் அளவீடு மட்டுமே. பிற்பாடு மரங்களின் ஆண்டு வளையங்களைப் படித்தவர்கள் கண்டது என்ன தெரியுமா? அந்தச் சில ஆண்டுகள் பல நூற்றாண்டுகளிலேயே செழிப்பான காலங்களில் ஒன்று! நல்ல நாளில் எழுதிய கடன் பத்திரம் அது. 2000-க்குப் பிறகு அந்த ஆற்றின் சராசரி வரத்து ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம்தான். பத்திரம் அப்போதே தவறு. வெப்பம் அதை அம்பலமாக்கியது.

சிக்கனமாகப் பாசனம் செய்தால் சரியாகிவிடாதா என்பீர்கள். ஓரளவு ஆகும். அதே ஆற்றிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போகும் ஒரு பெரிய கால்வாய்க்குக் கான்கிரீட் போட்டார்கள். கசிவு நின்றது, நீர் மிச்சம் என்று கணக்கெழுதினார்கள். ஆனால் அந்தக் கசிவில்தான் எல்லைக்கு அப்பால் மெக்சிகோ உழவர்களின் கிணறுகள் ஊறிக்கொண்டிருந்தன. ஒரு வடிநிலத்தில் ‘வீண்’ என்று யாராவது சொன்னால், அது யாருடைய கிணறு என்று நான் உடனே கேட்பேன்.

எனக்குப் பிடித்த தீர்வு ஒன்று அந்தப் பழைய ஒப்பந்தத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. 1948-இல் மேல்பகுதி மாநிலங்கள் தங்களுக்குள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டபோது, நான்கு பெரிய பங்காளிகளும் ஏக்கர் அடியில் பேசவில்லை. கொலராடோ மாநிலத்துக்கு 51.75 விழுக்காடு, யூட்டாவுக்கு 23, வயோமிங்குக்கு 14, நியூ மெக்சிகோவுக்கு 11.25. கீழே விட வேண்டியதை விட்ட பிறகு எவ்வளவு மிஞ்சும் என்று அவர்களுக்கே நிச்சயமில்லை. அதனால் வருவதில் பங்கு என்றார்கள். வந்தால் எல்லோருக்கும் கூடும், வராவிட்டால் எல்லோருக்கும் குறையும். 2012-இல் மெக்சிகோவும் பற்றாக்குறை வந்தால் தன் பங்கையும் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தது.

விழுக்காடு என்றால் சண்டை இருக்காது என்று நான் சொல்லவில்லை. எதில் விழுக்காடு என்று சண்டை வரும். அதற்கு ஆற்றில் ஓடுவதை நாள்தோறும் அளந்து, மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே எண்ணைப் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வாசலில் கேட்ட நண்பர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? மழைமானியை மட்டும் பார்க்காதீர்கள், ஆற்றங்கரையில் இருக்கும் அளவுகோலையும் ஒரு நடை போய்ப் பாருங்கள். சரி, இப்போது நீங்கள் கேளுங்கள்.