திரைச்சீலைக்கு ஒரு ரசீது

நேயர்களுக்கு வணக்கம். தொடங்கும் முன் ஒரு வார்த்தை. காலமாகிவிட்ட பூர்வகுடிக் கலைஞர்கள் சிலரின் பெயர்கள் இந்த உரையில் வரும். இறந்தவர் பெயரைச் சொல்வதையும் கேட்பதையும் பல பூர்வகுடிச் சமூகங்கள் தவிர்க்கின்றன. அவர்களில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இப்போதே தெரிந்துகொள்ளட்டும். ஆஸ்திரேலிய ஒலிபரப்பில் இப்படிச் சொல்லிவிட்டுத் தொடங்குவது வழக்கம்.

நான் கலைஞன் இல்லை, கணக்கன். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில், அந்த மண்ணுக்குரிய அரண்டா மக்கள் ம்பாண்டுவா என்று அழைக்கும் ஊரில், ஓர் ஆர்ட் சென்டருக்குச் சில வருஷம் வரவு செலவு எழுதினேன். கலையைப் பற்றி நான் கற்றதெல்லாம் ரசீதுப் புத்தகத்தின் வழியாகத்தான்.

ஆர்ட் சென்டர் என்றதும் கண்ணாடிக் கதவையும் குளிர்ந்த கூடத்தையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் போன இடம் தகரக் கூரை போட்ட ஷெட். சிமெண்டுத் தரை, மூலையில் டீ கெட்டில், வாசலில் நாலைந்து நாய்கள். தரையில் விரித்த கான்வாஸின் ஓரத்தில் பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து வரைவார்கள். சமையல் குச்சியின் முனையைப் பெயிண்டில் தோய்த்துப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவார்கள். நடுவில் நாய் ஒன்று படத்தின் மேலேயே நடந்து போகும். பதறியது நான் ஒருவன்தான்.

படம் முடிந்ததும் கலைஞரைப் படத்தோடு நிற்க வைத்து ஒரு போட்டோ. கான்வாஸின் பின்பக்கம் பெயரும் எண்ணும். பிறகு அந்தப் படத்தின் கதையை அவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொள்வார். எவ்வளவு சொல்வது என்பது கலைஞர் முடிவு. ஒரு இடம் வந்ததும், "அவ்வளவுதான், மீதி உங்களுக்கு இல்லை" என்று நிறுத்திவிடுவார்கள். எழுதுகிறவரும் பேனாவை மூடிவிடுவார். விற்றால் நூற்றுக்கு அறுபது கலைஞருக்கு. மீதி நாற்பதில் கான்வாஸ், பெயிண்ட், டீசல், சம்பளம் எல்லாம். சென்டரின் சொந்தக்காரர்களே அந்தக் கலைஞர்கள்தான். நிர்வாகக் குழு அவர்களுடையது. என் கணக்கு ஒத்துக்கொள்ளப்படுமா என்று அந்தப் பெரியம்மாக்கள் முன்னால்தான் நான் நிற்க வேண்டும்.

ஏன் இத்தனை ஏற்பாடு? ஏற்பாடு இல்லாத காலம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

ஆலிஸுக்கு மேற்கே சுமார் 125 கிலோமீட்டரில் ஹெர்மான்ஸ்பர்க். 1902-இல் அங்கே பிறந்தவர் பூர்வகுடி ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா. ரெக்ஸ் பாட்டர்பீ என்ற வெள்ளைக்கார ஓவியர் 1936-இல் அந்தப் பக்கம் வரையப் போனபோது, இவர் ஒட்டகம் ஓட்டி வழிகாட்டினார். கூலியாகக் கேட்டது நீர்வண்ணப் பாடம். ஒருவர் நிலத்தைக் காட்டினார், மற்றவர் தூரிகையைக் காட்டினார். இரண்டு கலைஞர்கள் சேர்ந்து வேலை செய்ததற்கு இதைவிட நேர்மையான கொடுக்கல் வாங்கலை நான் கேள்விப்பட்டதில்லை. 1938-இல் மெல்போர்னில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி. படங்கள் அத்தனையும் விற்றுப்போயின. வெளுத்த அடிமரமும் ஊதா நிற மலையுமாக அவர் வரைந்தவை அச்சுப் படங்களாக நாடெங்கும் வீடுகளில் தொங்கின.

இனிமேல்தான் கணக்கனின் கதை. 1957-இல் அவர் தன் பதிப்புரிமை தொடர்பாக ஒரு பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டார். ராயல்டியில் ஒரு பங்கு அவருக்கு. 1959-இல் இறந்தார். சொத்தை நிர்வகித்த வடக்குப் பிரதேச அரசின் பொது அறங்காவலர், 1983-இல் அந்த உரிமையை 8,500 டாலருக்கு அதே பதிப்பகத்துக்கு விற்றுவிட்டார். குடும்பத்தைக் கேட்கவில்லை. தாத்தாவின் படம் புத்தகத்தில் வந்தாலும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு காசு கிடையாது. பல பதிப்பாளர்கள் அந்தப் படங்களைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள்.

இதை மாற்றியதில் ஒரு நாடகக் குழுவுக்குப் பங்கு உண்டு. டாஸ்மேனியாவின் பர்னி என்ற சிற்றூரில் 1992-இல் பிறந்த பிக் ஹார்ட் அது. நமட்ஜிராவின் வாழ்க்கையை நாடகமாக்க வந்தவர்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து வேலை செய்தார்கள். 2010-இல் நாடகம் சிட்னி மேடை ஏறியது. நடிப்பு ஒரு பக்கம் நடக்க, குடும்பத்து ஓவியர்கள் மேடையிலேயே சுண்ணக்கட்டியால் தங்கள் மலைகளை வரைந்துகொண்டிருந்தார்கள். நாடகம் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை. குடும்பத்துக்காக ஒரு அறக்கட்டளை உருவானது, சட்டத்தரணிகள் வந்தார்கள், தொழிலதிபர் டிக் ஸ்மித் நடுவில் நின்று பேசினார். 2017-இல் பதிப்புரிமை அறக்கட்டளைக்குத் திரும்பியது. விலை ஒரு டாலர். 8,500-க்குப் போன உரிமை, 34 வருஷம் கழித்து ஒரு டாலருக்குத் திரும்பி வருகிறது! இடையில் போன ராயல்டியை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு கணக்கு. பூர்வகுடி ஓவியர் கிளிஃபோர்ட் பாஸம் ஜப்பால்ஜாரி 1977-இல் வரைந்த பெரிய படம் ஒன்று, நீலநாக்குப் பல்லி மனிதன் மூட்டிய காட்டுத்தீயின் கதை. ஒரு வங்கி 1,200 டாலருக்கு வாங்கி, பயிற்சி மையத்தின் உணவுக்கூடத்தில் மாட்டியது. அதே படம் 2007-இல் 24 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வரைந்தவர் 2002-இலேயே இறந்துவிட்டார். அந்த 24 லட்சத்தில் வாரிசுகளுக்குச் சட்டப்படி சேர வேண்டியது எதுவும் இல்லை. 2010-இல்தான் மறுவிற்பனை உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது: ஆயிரம் டாலரும் அதற்கு மேலுமான மறுவிற்பனையில் நூற்றுக்கு ஐந்து கலைஞருக்கு, அவர் இறந்து 70 வருஷம் வரை வாரிசுக்கு. அந்தச் சட்டம் முன்பே இருந்திருந்தால் அந்த ஒரு ஏலத்தில் மட்டும் 1,20,000 டாலர். ஐந்து சதவீதம் என்பது சின்னத் தொகை இல்லை.

ஊருக்குப் போகும்போது உறவுக்காரர்களுக்கு பூமராங் வாங்காத தமிழர் இங்கே யார்? நானும் வாங்கியிருக்கிறேன், விமான நிலையத்தில், அவசரத்தில். பிறகு பார்த்தால் அடியில் இந்தோனேசியா என்று பொடி எழுத்து. பூர்வகுடிப் பாணி நினைவுப்பொருள்களுக்காகச் செலவாகும் பணத்தில் பாதிக்கும் மேல் இப்படிப் போலிகளுக்கே போகிறது என்று 2022-இல் ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் சொன்னது. வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: செய்தவர் பெயர் என்ன, அவருக்கு எப்படிப் பணம் போகிறது? பதில் சொல்லத் தடுமாறும் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

இத்தனையும் தெரிந்த நான்தான் அந்தத் தப்பையும் செய்தேன்.

எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா. பிள்ளைகளின் பரதத்துக்குப் பின்னால் இந்த மண்ணின் ஓவியம் இருந்தால் அழகாக இருக்குமே என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இணையத்தில் ஒரு படத்தை எடுத்து, அச்சிட்டு, சென்டருக்குக் கொண்டுபோய், அங்கே நிர்வாகக் குழுவில் மூத்தவரான ஆன்ட்டியிடம் நீட்டினேன். "இதைப் பெரிசாக்கித் துணியில் போட்டுக்கலாமா?" ஊர் முழுக்க அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடும்; நமக்கு அது சொல்லித்தர வேண்டாத வழக்கம்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது யாரோட கதை?"

"தெரியலை ஆன்ட்டி. நெட்ல இருந்தது."

தாளைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளிவிட்டு டீ போடப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. நம் ஊரில் தேர் வடத்தை முதலில் தொடும் உரிமை இன்ன வீட்டுக்கு என்றால், அதை வேறொருவன் போட்டோவில் பார்த்துவிட்டு வந்து கேட்க முடியுமா? அந்தப் படத்தை வரைந்தவருக்கே கூட தனியாகச் சரி சொல்லும் அதிகாரம் இல்லாமல் இருக்கலாம், கதை குடும்பத்துடையது.

மூன்று வாரம் கழித்து ஆன்ட்டியே கூப்பிட்டார். அந்தப் படம் கிடையாது. தன் தங்கை மகள் வரைந்த வேறொன்று இருக்கிறது, குடும்பத்தில் கேட்டாகிவிட்டது. ஒரு பக்க ஒப்பந்தம்: ஒரு இரவு, ஒரு திரைச்சீலை, டிக்கெட்டிலோ ஃபேஸ்புக்கிலோ போடக்கூடாது, வரைந்தவர் பெயரை மேடையில் சொல்ல வேண்டும், முடிந்ததும் துணியைத் திருப்பித் தர வேண்டும். நானூறு டாலர். எங்கள் சங்கத்துக் குழுவில் ஒருவர், "நம்ம விழாவுக்குக் காசா? அவங்களுக்கும் விளம்பரம்தானே" என்றார். மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் கேட்டரிங்காரருக்கும் யாரும் விளம்பரத்தில் சம்பளம் தருவதில்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு அவர்கள் குடும்பத்தில் ஒரு சாவு. துக்கம் முடியும்வரை அந்தப் படத்தை விரிக்க வேண்டாம் என்று செய்தி வந்தது. இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை; சாவு வீடு என்றால் நமக்குத் தெரியும். பிள்ளைகள் வெறும் கறுப்புத் திரைக்கு முன்னால் ஆடினார்கள். ஆறு மாதம் கழித்து ஆண்டு விழாவுக்கு அதே திரை வந்தது. வரைந்த பெண் தன் இரண்டு பிள்ளைகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரைச் சொல்லும்போது எங்கள் செயலாளர் உச்சரிப்பில் தடுக்கி விழுந்தார். அவர் அங்கிருந்தே திருத்திச் சொல்ல, இவர் இரண்டாம் முறை சரியாகச் சொன்னார்.

மறுநாள் துணியைச் சுருட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிவந்தேன். அதைச் சங்கக் கணக்கில் 'மேடை அலங்காரம்' என்ற தலைப்பில் பதிந்திருந்தேன். வருஷக் கடைசியில் பேரேட்டை மூடும்போது கண்ணில் பட்டது. அடித்துவிட்டு 'கலைஞர் ஊதியம்' என்று எழுதினேன். அதுவரை எங்கள் சங்கத்தின் பேரேட்டில் அப்படி ஒரு தலைப்பே இல்லை.

நன்றி, வணக்கம்.