பிரசவ வகுப்பில் முன்தோல் பற்றி எந்தப் படத்தைக் காட்டுவது?

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்து பேசுகிறேன், சனிக்கிழமைகளில் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுக்கிற அதே அறைதான். இன்றைக்கு ஆண் குழந்தைகளின் முன்தோல் நீக்கம் பற்றி, அதாவது சுன்னத், கத்னா என்கிறோமே அதைப் பற்றி. செய்யலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வகுப்பில் இதற்கு எந்த வீடியோவைப் போடுவது, எந்தத் தாளைக் கையில் கொடுப்பது என்பதுதான் பேச்சு, ஏனென்றால் அதில் நான் ஒரு தடவை பெரிய தப்புச் செய்துவிட்டேன்.

போன வருடம் வகுப்பில் ஒரு வெளிநாட்டு வீடியோவைப் போட்டேன். பச்சைக் குழந்தையைப் பலகையில் கட்டி வைத்து, அது கதறுவதை அருகில் காட்டுகிற வீடியோ. எதிர்ப்பாளர்கள் எடுத்தது, நான் முழுதாகப் பார்க்காமலே போட்டுவிட்டேன். சிவாஜி நகரிலிருந்து வரும் ஒரு பெண், ஏழு மாதம், எழுந்து நின்று, "அக்கா, எங்க வீட்டுல எல்லாப் பையனுக்கும் செய்யுறதுதான், நாங்க பிள்ளைங்களைக் கொடுமைப்படுத்துறோம்னு சொல்றீங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் அவள் வரவும் இல்லை. போன் செய்து மன்னிப்புக் கேட்டேன், அதற்கடுத்த வாரம் வந்தாள். அன்று முதல் இந்த விஷயத்தில் ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை படித்த பிறகுதான் எடுக்கிறேன்.

அதற்கு முன்னால் வைத்திருந்தது அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒரு தம்பதி கொடுத்த கையேடு. வழவழ காகிதம், அழகான படங்கள். ஆனால் அங்கே பிறந்த ஓரிரு நாளில், வீட்டுக்கு அனுப்பும் முன்பே செய்துவிடும் வழக்கம் உண்டு, அதை வைத்தே எழுதியிருக்கிறார்கள். படத்தில் இருக்கிற குழந்தைக்கு முன்தோலே வரையவில்லை! என் வகுப்பில் பிறக்கப் போகிற பையன்களில் பெரும்பாலானவர்களுக்கு அது இருக்கப் போகிறது, அவர்களைப் பற்றி அந்தக் கையேட்டில் ஒரு வரி கிடையாது.

இன்னொன்று, எச்ஐவி தொற்று 60 சதவீதம் குறையும் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த எண் பொய்யில்லை. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா மூன்று இடங்களிலும் வளர்ந்த ஆண்களிடம் நடந்த ஆய்வுகளில் வந்தது, பெண்ணிடமிருந்து ஆணுக்குப் பரவுவதைப் பற்றியது. அதை வைத்துத்தான் 2007-இல் உலக சுகாதார நிறுவனம், தொற்று மிக அதிகமாக உள்ள பகுதிகளுக்கு அதைப் பரிந்துரைத்தது. இதையெல்லாம் சொல்லாமல் பிறந்த குழந்தையின் படத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெற்றோர் என்ன புரிந்துகொள்வார்கள்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2012-இல், நன்மைகள் ஆபத்தைவிட அதிகம், ஆனாலும் எல்லாக் குழந்தைக்கும் செய்யச் சொல்லும் அளவுக்கு இல்லை என்றுதான் சொன்னது. 2015-இல் கனடா சங்கம் எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வதைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டையும் சொல்கிற தாள் என்றால் நான் எடுத்துக்கொள்வேன், ஒன்றை மட்டும் சொன்னால் வேண்டாம்.

சரி, எனக்கு மிக முக்கியமானதுக்கு வருகிறேன். குளிப்பாட்டுவது. நம் வீடுகளில் பாட்டியோ, குளிப்பாட்ட வருகிற அம்மாவோ தேங்காய் எண்ணெய் தொட்டுக் குஞ்சாமணித் தோலைப் பின்னால் தள்ளிவிடுவார்கள், அப்போதுதான் அடைப்பு வராது என்று நம்பிக்கை. தயவுசெய்து வேண்டாம். பிறந்த குழந்தைக்கு அந்தத் தோலும் உள்ளே இருக்கிற நுனி மொட்டும் நகமும் சதையும் போல ஒட்டித்தான் இருக்கும். 1949-இலேயே டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற பிரிட்டன் மருத்துவர், பிறக்கும்போதே தோல் முழுதாகப் பின்னால் போகிற குழந்தைகள் 4 சதவீதம்தான் என்று எழுதிவிட்டார். மற்றவர்களுக்கு வளர வளரத் தானாகப் பிரியும், சிலருக்குப் பதின்வயது வரைகூட ஆகும். பலவந்தமாகத் தள்ளினால் கிழிந்து, ஆறி, தழும்பு இறுகி, அப்புறம் உண்மையாகவே அடைப்பு வந்து, வேண்டாம் என்று இருந்த அறுவையே செய்ய வேண்டி வரலாம். வெளியே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தால், சிவந்து வீங்கினால், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போங்கள்.

செய்துகொள்ளப் போகிற குடும்பங்களுக்கும் அதே அளவு மரியாதையோடு ஒரு பக்கம் வேண்டும். வீட்டில் யாருக்காவது இரத்தம் உறையாத நோய் உண்டா என்று முன்கூட்டியே டாக்டரிடம் சொல்வது. சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் கீழே இருந்தால் செய்யவே கூடாது, அதைச் சரிசெய்யும் அறுவைக்கு அந்தத் தோல்தான் தேவைப்படும். மரத்துப்போக ஊசி போடுவீர்களா என்று கேட்பது, சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் வைப்பது மட்டும் போதாது. அப்புறம், ஆறும்போது மொட்டின் மேல் மஞ்சளாகப் படிவது பெரும்பாலும் சீழ் இல்லை, தேய்த்து எடுக்க வேண்டாம். இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் சிவாஜி நகர்ப் பெண், "இதை என் மாமியாருக்கு உருதுல எழுதிக் கொடுங்கக்கா" என்றாள். எனக்கு உருது எழுத வராது, அவளே எழுதித் தந்தாள், அதையும் சேர்த்துத்தான் இப்போது நகல் எடுக்கிறேன்.

ஆக, இப்போது என்னிடம் இருப்பது இரண்டு பக்கத் தாள் ஒன்று. கோட்டுப் படம்தான், நான் வரைந்தது, குழந்தை அறுவை மருத்துவர் ஒருவர் பார்த்துத் திருத்தியது. முன்பக்கம் தோல் இருக்கிற குழந்தை, பின்பக்கம் நீக்கிய குழந்தை. அழுகிற முகம் இல்லை, சிரிக்கிற முகமும் இல்லை. இந்தச் சனிக்கிழமை பாட்டிகளையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன், எண்ணெய்க் கிண்ணம் அவர்கள் கையில்தானே இருக்கிறது.